இருபதாவது ஆண்டின் கேள்வி

பெங்களூரின் பொம்மனஹள்ளிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி எச்.ஏ.எல். ஓடுதளம். விமானப் படையின் சோதனை விமானிகள் பயிலும் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. சீருடையைக் கழற்றிவிட்டுப் பயணிகள் விமானத்துக்கு எப்போது மாறுவது என்ற கேள்வி இந்த விமானிகளுக்கும் வரும்.

விடை கணக்கில் இருக்கிறது. 20 ஆண்டு பணி முடித்தால்தான் அதிகாரிக்கு ஓய்வூதியம். 22 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது வயது 42. பயணிகள் விமானத்தை 65 வரை ஓட்டலாம். ஆனால் புதிய நிறுவனத்தில் பணிமூப்பு சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும்; தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரிசையில் பின்னே தள்ளும்.

அடுத்தது, பறந்த நேரங்கள் வரிவரியாகப் பதிந்த லாக் புக். கேப்டனுக்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஒருமுறை கிளம்பினால் ஒரு மணி நேரமே பறக்கும் போர் விமானிக்கு அது மெல்லத்தான் சேரும்; சரக்கு விமானிக்கு வேகமாகச் சேரும்.

சோதனை விமானியாக இருந்த விங் கமாண்டர் தீபக் சாத்தே 1981 முதல் 2003 வரை, 22 ஆண்டுகள், படையில் இருந்துவிட்டுப் பயணிகள் விமானத்துக்கு வந்தவர். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோடு விமான விபத்தில் உயிரிழந்தபோதும் அவர் விமானியின் இருக்கையில்தான் இருந்தார்.