குட்டமன்று, வெண்புள்ளி!

நோய்க்குப் பொய்ப்பெயர் சூட்டிவிட்டால், நோயைவிடப் பெயரே மனிதனை மிகுதியாக வதைக்கும். நம் ஊர்களில் 'வெண்குட்டம்' என்று சொல்கிறார்களே, அது அத்தகைய பெயர். குட்டம் என்பது தொழுநோய். அது கிருமியால் வருவது. அக்கிருமியை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். வெண்புள்ளிக்கோ கிருமியே இல்லை. தொட்டாலும் உடன் உண்டாலும் ஒட்டாது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கும். வெண்புள்ளியில் எறும்பு கடித்தால் நன்றாகவே வலிக்கும்!

சென்ற பருவத்தில் எங்கள் விடுதி உணவுக்கூடத்தில், விரல்களில் வெண்மை படர்ந்த நம் மாணவர் ஒருவர் சோற்றுக் கரண்டியைத் தொட்டதும், பின்னால் நின்ற இருவர் மெல்ல வேறு வரிசைக்கு நகர்ந்தனர். பட்டம் பெறப் படிப்பவர்கள்! அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை ஆக்கும் நிறமி அணுக்களை, உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களே பகையெனக் கருதி அழித்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதே குழப்பம் சிலருக்குத் தைராய்டு சுரப்பியையும் தாக்குவதுண்டு; ஆகவே மருத்துவர் அதையும் சோதிப்பார். மீனுண்டு பால் குடித்ததால் வந்தது என்பார் பாட்டி. அதற்குச் சான்றில்லை.

நம் ஐதராபாத்துக்கு இந்நோயுடன் தனி உறவு உண்டு. யுனானி மருத்துவர்கள் இதனைப் 'பரஸ்' என்பர். எர்ரகட்டாவில் உள்ள, தோல் நோய்களுக்கான தேசிய யுனானி மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு இதற்காகவே வெளிமாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். யுனானியார் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் விதை 'பாப்சி'. வேறெதுவுமன்று; நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியேதான்!

அவ்விதையில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலை வெயிலுக்குக் கூருணர்வு உடையதாக்கும். எகிப்திலும் இவ்வினத்துப் பொருள் கொண்ட வேறொரு செடியை உண்டு வெயிலில் நிற்பது பழைய வழக்கம். 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்டி என்னும் மருத்துவர் அச்செடியின் சத்தைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். சோரலெனும் புறஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சை அவ்வழியே வளர்ந்தது. ஆனால் நண்பர்களே, கார்போகரிசி எண்ணெயைத் தாமே பூசிக்கொண்டு ஐதராபாத்தின் மே மாத வெயிலில் நிற்காதீர்கள், தோல் கொப்புளித்துவிடும். அளவறிந்து தருபவர் வேண்டும்.

இன்று பெரும்பாலும் சோரலென் இல்லாமலே 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை வாரம் இரண்டு மூன்று முறை காட்டுகின்றனர், களிம்புகளும் உண்டு. நோயெதிர்ப்பு அணுக்களின் மூர்க்கத்தைத் தணிக்கும் ருக்ஸோலிடினிப் களிம்புக்கு 2022-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

எதுவாயினும் மாதக் கணக்கில் பொறுமை தேவை. நிறம் திரும்பும் விதமே அழகானது. மயிர்க்கால்களில் ஒளிந்து பிழைத்த அணுக்கள் மேலேறி வர, வெண்மையின் நடுவே மிளகு தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவும். ஆகவே முகமும் கழுத்தும் விரைவில் தேறும். மயிரில்லாத விரல்நுனியும் உதடும் பிடிவாதம் செய்யும். அங்கே, புள்ளி ஓராண்டேனும் பரவாமல் நின்றபின், நல்ல தோலிலிருந்து அணுக்களை எடுத்து நடுகிறார்கள், நாற்று நடுவதுபோல.