திருப்பதி லாட்ஜில் கிப்லா

திருப்பதிக்கு ரயிலேறும் எல்லாரும் மலைக்குப் போவதில்லை. ஸ்விம்ஸ் மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்திருப்பவர்கள், ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வருபவர்கள், சித்தூர் மாம்பழ, வெல்ல மண்டிகளுக்கு வரும் வியாபாரிகள் என்று பலர். வேலூர், ஆம்பூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் இவர்களில் உண்டு. கோயில் நகரில் நமக்குத் தோதான அறை கிடைக்குமா என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கும்.

தயங்கத் தேவையில்லை என்றே சொல்வேன். திருமலை அறைகள் தேவஸ்தானத்தின், மடங்களின் பொறுப்பில் பக்தர்களுக்காக இருப்பவை. அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி மதுவோ இறைச்சியோ மேலே போகாது. நாம் தங்கப்போகும் அடிவார நகரிலும் பக்தர்களை நம்பி நடக்கும் விடுதிகள் ஏராளம். ‘சுத்த சைவம்’ பலகை மாட்டிய இடத்தில் பன்றி இறைச்சியும் இல்லை, ஹலாலா என்ற கேள்வியும் இல்லை. சாம்பாரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது! நட்சத்திர விடுதியின் பளபளப்பைவிட, பார் இல்லாத இந்த எளிய லாட்ஜே தொழுகையாளிக்கு வசதி. ரமலானில் இன்னொரு சௌகரியம்: விடியுமுன்பே பக்தர் நடமாட்டம் உள்ள ஊர் என்பதால் சஹருக்குச் சாப்பாடு தேடுவது மற்ற ஊர்களைப் போலச் சிரமமாக இராது. எந்தக் கடை எப்போது திறக்கும் என்று முதல் நாள் இரவே விசாரித்துக்கொள்ளலாம்.

கறிச்சோறு வேண்டுமென்றால்தான் விசாரணை. “ஹலாலா?” என்றால் “ஆமாம்” என்ற பதில் சுலபமாக வந்துவிடும். “கறி எந்தக் கடையில் வாங்குறீங்க?” என்று கேளுங்கள், தடுமாறினால் எழுந்துவிடலாம். தமிழும் உருதும் புழங்கும் இந்தப் பக்கத்தில் இதைக் கேட்க மொழி ஒரு தடையில்லை. பள்ளிவாசலை ஒட்டிய தெருக்களில் தேடினால் வேலை இன்னும் சுலபம்.

கிப்லா இங்கே மேற்கிலிருந்து ஏறக்குறைய 17 பாகை வடக்கே சாய்ந்தது. சென்னையில் நிற்கும் அதே வாகில் நிற்கலாம். கட்டிலை நகர்த்தாமல் முசல்லா விரிக்க இடமிருக்கிறதா, ஒளு செய்யத் தோதாகக் குளியலறைக் குழாய் இருக்கிறதா என்று முன்பணம் தருமுன் பார்த்துவிடுங்கள். பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் ஷாஃபிகளுக்கு வழியில் நிற்கும் தேவை குறைவு. தமிழக வட மாவட்டங்களின் ஹனஃபிகள் அப்படிச் சேர்ப்பதில்லை. பகலில் ஓய்வெடுக்க அறை எடுப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம்.

பெயரைப் பார்த்து “ரூம் இல்லை” என்றால்? கடை, உணவகம், விடுதி எதிலும் மதத்தை மட்டும் காரணமாக்கி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. ஆனால் நோயாளியோடு நடுராத்திரியில் வந்து நிற்பவரால் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. புறப்படும்முன் தொலைபேசியில் பெயரைச் சொல்லியே அறையை உறுதி செய்துகொள்வது, கூட வரும் பெரியவர்கள் ஒவ்வொருவரின் ஆதார் அட்டையையும் எடுத்துச் செல்வது நல்லது.