வேப்பம்பட்டு மேசையில் நாற்படை: தெரியுமா?

68 டன் எடையுள்ள அர்ஜுன் டாங்கியை உள்ளங்கையில் ஏந்த முடியும், தெரியுமா? நீளம், அகலம், உயரம் மூன்றையும் 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் போதும். எடை 72 மடங்குதான் குறையும் என்று நினைக்காதீர்கள். 72 பெருக்கல் 72 பெருக்கல் 72, ஆக 3,73,248 மடங்கு குறைகிறது! மிஞ்சுவது 180 கிராம் சொச்சம், ஒரு பெரிய கொய்யாப்பழத்தின் எடை. குழலையும் சேர்த்து அளந்தால் ஒரு சாண்கூட வராது.

அசல் அர்ஜுன் பிறக்கிற இடம் எங்கே? எங்கள் ஊரான வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறுங்கள். திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து கல்லூரி, அடுத்தது ஆவடி. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. நிஜப் படை உருவாகும் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பொம்மைப் படையைப் பற்றிப் பேசாமல் எப்படி இருப்பது?

உலகம் முழுக்கப் பெரியவர்களே உட்கார்ந்து ஆடும் ஆட்டம் இது. சாப்பாட்டு மேசையளவு போர்க்களம். அதில் கட்டைவிரல் உயரத்துக்கும் குறைவான வீரர்கள், மந்திரவாதிகள்; கூடவே பூதங்கள், டிராகன்கள். ஒவ்வொன்றையும் ஆடுபவரே மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டியிருப்பார். கட்டம் கிடையாது, இஞ்ச் டேப்பால் அளந்துதான் படை நகரும். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்று பகடை சொல்லும். இந்த வகையில் மிகப் பெயர்பெற்ற 'வார்ஹாமர்' 1983-இல் வெளிவந்தது. அதை வெளியிட்ட இங்கிலாந்து நிறுவனமான கேம்ஸ் ஒர்க்‌ஷாப், 1975-இல் தொடங்கியபோது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? மரத்தில் ஆட்டப் பலகைகள்! அவற்றில் ஒன்று மங்காலா. குழியில் விதை போட்டு அள்ளும் ஆட்டம். நம் பாட்டிமாரின் பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட சகோதரி!

அது இருக்கட்டும், இந்த ஆட்டத்தின் வம்சாவளியைக் கேளுங்கள். 1971-இல் அமெரிக்காவில் 'செயின்மெயில்' என்ற போர் ஆட்ட விதிநூல் வந்தது. அதன் கடைசிப் பகுதியில்தான் டிராகனும் மந்திரவாதியும் களத்தில் இறங்கினார்கள். அதிலிருந்து 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பிறந்தது. பின்னோக்கிப் போனால் 1913. செவ்வாய்க் கிரகவாசிகளைப் பூமிக்கு அனுப்பிய அதே ஹெச்.ஜி.வெல்ஸ், தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குண்டு சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். இன்னும் பின்னால், 1812: பிரஷ்ய மன்னருக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் இழுப்பறைகள் வைத்த ஒரு மேசையையே போர்க்களமாக்கிக் காட்டினார். அவர் மகன் 1824-இல் அதைச் செம்மைப்படுத்த, ராணுவ அதிகாரிகளின் பயிற்சியே அதில் நடந்தது. அதற்கும் முன்னால், 1780: ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்ற பேராசிரியர் ஒரு பலகையைப் பெரிதாக்கி, மலைக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம் என்று கட்டங்களுக்குப் பூசினார். எந்தப் பலகையை? சதுரங்கப் பலகையை!

ஆம், கொள்ளுப்பாட்டன் நம் ஊர்க்காரன். சதுரங்கம் என்றால் நான்கு உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படை. ரத கஜ துரக பதாதி! 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 'தம்பி' என்ற குதிரைக்கு வேட்டி கட்டிவிட்டு நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தோமே, அந்தக் குதிரையின் பேரப்பிள்ளைகள்தாம் வார்ஹாமர் மேசையில் கனைக்கின்றன.

ஹெல்விக் பலகைக்கு வண்ணம் பூசிய அதே 1780-இல், செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். அந்தக் களத்தைச் சிப்பாய் சிப்பாயாக, குதிரை குதிரையாக வரைந்த சுவரோவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையில் இருக்கிறது. கம்பெனிப் படை ஒரு பக்கம், இந்தியப் படை மறுபக்கம் என்று தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்களும் நம் நாட்டில் செய்யப்பட்டன; அவற்றில் ராஜா அம்பாரி யானைமேல் வருவார்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகாபாரதக் கணக்கில் ஓர் அக்குரோணி என்பது 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். மொத்தம் 2,18,700. குருக்ஷேத்திரத்தில் நின்றவை 18 அக்குரோணி. ஆக 39,36,600 உருவங்கள்! ஒன்றுக்கு அரை மணி நேரம் வண்ணம் தீட்டினால், தினம் எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாமல் உட்கார்ந்தாலும் 674 ஆண்டுகள் ஆகும்!

பழங்காலப் போர்களை ஆடுபவர்களுக்கு 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்' என்ற பிரிட்டிஷ் விதிநூல் 1990-இல் வந்தது. ரோமானியர், பாரசீகர் என்று நீளும் அதன் படைப் பட்டியலில் தமிழர் படையும் இருக்கிறது! அந்தப் படையை எடுத்து ஆட ஒரு களம் வேண்டுமானால், எங்கள் வேப்பம்பட்டு வழியாகப் போகும் ரயிலிலேயே அரக்கோணத்தில் இறங்கலாம். பக்கத்தில்தான் தக்கோலம். 949-இல் அங்கே ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு சோழ இளவரசன் ராஜாதித்தன் மோதினான். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன், ராஜாதித்தனை அவன் யானை மீதே கொன்றான். சோழப் படை தோற்றது. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று அவனுக்குப் பெயர் நின்றுவிட்டது. தலைவன் விழுந்தால் படையின் நெஞ்சுறுதிக்கும் பகடை உருட்டிப் பார்க்கச் சொல்கிற விதி இன்றைய மேசை ஆட்டங்கள் பலவற்றில் உண்டு. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தக்கோலம்தான் கண்ணில் வரும்.

"இல்லாத உலகத்தை எல்லாம் கட்டிக்கொண்டு ஆடுவது வெள்ளைக்காரன் பழக்கம்" என்பவர்களை வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பி வையுங்கள். திருநின்றவூரில் பூசலார் என்ற நாயனார், கையில் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். அடித்தளம், விமானம், மதில், கிணறு, குளம் எல்லாம் மனத்தில்! குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில் பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் கட்டிய கோயிலுக்கும் நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, "அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்" என்றாராம். பெரியபுராணம் சொல்லும் கதை இது. இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. கற்பனைக் கட்டுமானத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த நாட்டிலாவது கிடைத்திருக்கிறதா?

வண்ணப் பொம்மைக்கு எங்கே போவது? காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒன்று உண்டு. களிமண், காகிதக்கூழ், அச்சு, வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம். வார்ஹாமர்காரர்களும் முதலில் ஒரே நிறத்தில் அடிப்பூச்சு கொடுத்துவிட்டுத்தான் மேலே வண்ணம் ஏற்றுவார்கள். புல்லுக்கும் மலைக்கும் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் நம் வீட்டுக் கொலுப் பூங்காதான்! தட்டில் மண் பரப்பி, நாலு நாள் முன்பே கடுகும் வெந்தயமும் தூவி முளைக்க விட்டு வயலாக்குவோம். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். தெர்மக்கோல் மலையாகும். மேலே படியில் கீதோபதேச செட்: கண்ணன், தேர், நான்கு வெள்ளைக் குதிரைகள், வில்லைப் போட்டுவிட்ட அர்ஜுனன்.

பகடையிலும் நாம் பின்தங்கியதில்லை. கீழடியில் தந்தப் பகடையே மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. நம் தாயக்கட்டை இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம் விழ வாய்ப்பு 8-க்கு 1. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்கையும் சேர்த்தால் 8-க்கு 3. இந்த நான்கில் எது விழுந்தாலும் மறு ஆட்டம் உண்டு; அதனால்தான் அது அவ்வளவு அடிக்கடி வருகிறது.

மேசைப் போரில் அடிபட்ட வீரனைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது பல ஆட்டங்களில் வழக்கம். விஜயதசமி இரவு ஆரத்தி முடிந்ததும் நாமும் கொலுப்படியில் ஒரு பொம்மையைப் பதமாக எடுத்துப் படுக்க வைக்கிறோம். மறுநாள் காலை மற்றவையும் பழைய துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும். அடுத்த புரட்டாசி வரைக்கும் பரண்மேல் தூக்கம்.