சாட்சி சொன்ன சிலம்பு, ஆரணிக்கு வந்த ஷெர்லாக் ஹோம்ஸ்: தெரியுமா உங்களுக்கு?

சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் போளூர் பஸ்ஸுக்கு நிற்கிறேன். கையில் பழைய பாக்கெட் நாவல். 88-ஆம் பக்கம். சாட்சிக் கூண்டில் ஏறியவள் வாயைத் திறக்கப் போகிறாள்... அடுத்த நாலு பக்கத்தைக் காணோம்! எந்த மகராசன் கிழித்தானோ, எந்த வடைக்கு எண்ணெய் ஒற்றினானோ. கொலைகாரன் தப்பிவிட்டான். அந்த ஆத்திரத்தில் கோர்ட்டுக் கதைகளின் பழங்கணக்கைப் புரட்டத் தொடங்கியவன்தான், இன்னும் மூடிவைக்க முடியவில்லை. முதல் ஆச்சரியமே பக்கத்து ஊரில் காத்திருந்தது!

ஜவ்வாது மலையில் பிறந்து படவேட்டு வழியாக இறங்கிவரும் கமண்டல ஆறு ஆரணிக்குப் போகிறது அல்லவா? தமிழின் துப்பறியும் நாவலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அந்த ஆரணிக்காரர்தான், தெரியுமா? ஆரணி குப்புசாமி முதலியார். ‘ஆனந்த போதினி’ ஆசிரியர். ஆங்கில, பிரெஞ்சு மர்மக் கதைகளை வாங்கி, வேட்டி கட்டி, திருநீறு பூசி நம் தெருவில் நடக்கவிட்டவர். லண்டன் பேக்கர் தெருவின் ஷெர்லாக் ஹோம்ஸ் இவர் கையில் ஆனந்தசிங் ஆகிவிட்டார்! 1925-இல் முதலியார் காலமானபோது அவர் பேரில் எழுபதுக்கு மேற்பட்ட நாவல்கள். வீட்டுக்குத் தெரியாமல் துணிக்கடியில் ஒளித்துப் படிக்கும் நல்ல பழக்கத்தைத் தமிழனுக்குக் கற்றுக்கொடுத்ததில் அவர் பங்கு பெரியது.

அவருக்கும் முன்னால், 1894-இலேயே பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணரை இறக்கிவிட்டிருந்தார். அதெல்லாம் இருக்கட்டும். தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார்? ஒரு நீதிபதி! மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1879-இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ சிரிப்பும் கூத்துமாக ஓடும். நடுவிலே, தமிழ்நாட்டுக் கோர்ட்டில் வக்கீல் ஏன் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று ஒரு பிடி பிடிக்கும். மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கிப் புத்தகம் போட்டவரும் அவரே. போளூர் கோர்ட்டில் இன்று சாட்சி தமிழில் பேசுகிறார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் வாதம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. முன்சீப் பிள்ளைவாள் இன்னும் முழுசாக ஜெயிக்கவில்லை.

நம்ம ஊர்க் கோர்ட்டு வாசலில் புழங்கும் ‘வாய்தா’ என்ற சொல் இருக்கிறதே, அதன் அரபு வேரைத் தேடினால் ‘வாக்குறுதி’ என்று பொருள் வருகிறது! பத்து வருஷம் வாய்தாவுக்கு அலைந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா எல்லாமே அரபுநாட்டுச் சொந்தங்கள்தான்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழின் ஆகச்சிறந்த கோர்ட்டு த்ரில்லரில் வாதி யார் தெரியுமா? சிவபெருமான்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இருக்கிறது. மணப்பந்தலில் சுந்தரர் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறார். ஒரு கிழவர் வந்து, ‘இவன் என் அடிமை, ஓலை இருக்கிறது’ என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே விடுகிறார். ஆவணம் ஒழிந்தது, கேஸ் முடிந்தது என்றுதானே நினைப்போம்? கிழவர் அசரவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூன்றில் ஒன்றால் நிரூபி என்கிறது சபை. அதாவது அனுபோகம், பத்திரம், சாட்சி. ‘கிழிபட்டது படியோலை, மூல ஓலை என்னிடம்’ என்கிறார் கிழவர்! அதையும் கிழித்துவிடக் கூடாது என்று சபையாரிடம் உறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் நீட்டுகிறார். பாட்டனார் எழுதிக்கொடுத்தது. சாட்சிக் கையெழுத்துகளைச் சரிபார்க்கிறார்கள். பாட்டனாரின் வேறொரு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது! அசல், நகல், கையெழுத்து ஒப்பீடு, ஆவணப் பாதுகாப்பு... அமெரிக்கக் கோர்ட்டு த்ரில்லர் எழுத்தாளர் ஜான் கிரிஷாமுக்கு எண்ணூறு வருஷம் முந்தி! தீர்ப்பில் சுந்தரர் தோற்றார். ஜெயித்தவர் வீட்டைக் காட்டச் சொன்னால் அவர் நேரே கோயிலுக்குள் போய் மறைகிறார்.

கண்ணகி கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது வாய்ச்சொல்லால் ஜெயித்த வழக்கு அல்ல. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். தரையில் உடைத்த ஒரு பொருள் மொத்த வழக்கையும் கவிழ்த்தது. எனக்கு மேடைப் பேச்சுக் கோர்ட்டைவிட இந்தச் சின்னப் பொருள் கோர்ட்டுதான் பிடிக்கும்.

நிஜ வழக்கும் அப்படித்தான். 1952 ஆகஸ்டில் போட் மெயில் ரயிலில் அநாதையாக வந்த ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். ராயபுரம் கடற்கரையில் புதைத்த தலையை அலையே காட்டிக்கொடுத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு. அதை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் யார் தெரியுமா? நாவலும் நாடகமும் எழுதியவர்! கற்பனைக்கு எட்டாத கதை ஒன்று தானாகவே எழுத்தாளர் முன்னால் வந்து நின்றிருக்கிறது.

அதற்கு எட்டு வருஷம் முந்தி பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சூப்பர் ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் ஜூரிகளுக்கு முன்னால் நின்று ஆயுள் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் மூன்று தீபாவளி பார்த்தது. பாகவதர் சிறைச் சுவரைப் பார்த்தார். இன்று நம் கோர்ட்டில் ஜூரிகளே கிடையாது. 1973-ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அவர்களுக்கு இடமில்லாமல் போனது. அமெரிக்க த்ரில்லரில் பன்னிரண்டு பேர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போது வரும் படபடப்பு நமக்கு வாய்க்காதது அதனால்தான். நமக்குக் குறுக்கு விசாரணையும் பிறழ்சாட்சியும்தான் திருப்பம்.

அதைப் பிடித்துக்கொண்டவர் எழுத்தாளர் சுஜாதா. 1968-இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ கணேஷை அறிமுகம் செய்தது; பிறகு வசந்த் சேர்ந்துகொண்டான். தமிழன் அதிகம் கொண்டாடிய துப்பறியும் ஜோடி போலீஸ் இல்லை, தனியார் துப்பறிவாளர் இல்லை, இரண்டு வக்கீல்கள்! படைத்தவரோ சட்டம் படிக்காத என்ஜினீயர். மின்னணு ஓட்டு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1978-இல் ‘ப்ரியா’ படத்தில் வக்கீல் கணேஷாக வந்தவர் ரஜினிகாந்த் என்பதை மறந்திருப்பீர்கள்.

சினிமாக் கோர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள். நம் நீதிபதிகள் மேசையில் சுத்தியலால் தட்டுவதில்லை! பகவத் கீதையில் கைவைத்துச் சத்தியமும் இல்லை. 1969-ஆம் வருடச் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியம், அல்லது மனசாட்சிப்படி உறுதிமொழி, அவ்வளவே. ஆனாலும் 1984-இல் வந்த ‘விதி’யின் கோர்ட்டு வசனத்தைக் கேசட்டில் போட்டுக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஊரே கேட்டதே, அந்தச் சுகத்தை எந்தச் சட்டத்தால் தடுக்க முடியும்?

இன்னொரு குண்டு! உங்கள் பரணில் இருக்கும் நாவல்களில் ‘302’ என்று போட்டிருக்கிறதா? அது இப்போது சரித்திரக் கதை. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. ‘ஃபோர் ட்வென்ட்டி’க்கோ 318. ‘டேய் முந்நூத்திப் பதினெட்டு’ என்று யாரையாவது திட்டிப் பாருங்கள், உப்புச் சப்பே இல்லை.

கடைசியாக, சந்தவாசலில் இருந்து பார்த்தால் இதுதான் பெரிய புதிர். அந்தப் பக்கம் படவேட்டில் ரேணுகாம்பாள் இருக்கிறாள். அவள் புராணத்தை ஒரு வக்கீல் கண்ணோடு படித்துப் பாருங்கள்! கொலை செய்தவன் மகன் பரசுராமன். செய்யச் சொன்னவர் தந்தை ஜமதக்னி. கொலையுண்டவள் தாய், வரத்தால் அவளே உயிரோடு எழுந்துவிடுகிறாள், ஊர்க் கதைப்படி தலை மாறிப்போய்! உடல் இருக்கிறது, ஆனால் யாருடைய உடல்? கொல்லப்பட்டவள் எதிரே நின்று பேசினால் அது கொலையா, கொலை முயற்சியா? தூண்டியவர் முதல் எதிரியா, வெட்டியவனா? கணேஷிடம் கொடுத்தால் வசந்த் முதலில் ஒரு ஜோக் அடிப்பான், பிறகு இருவருமே விழிப்பார்கள்.

போளூர் பஸ் வந்துவிட்டது. 88-ஆம் பக்கத்துச் சாட்சி இன்னும் கூண்டில்தான் நிற்கிறாள், பாவம். அந்த நாலு பக்கம் யாரிடமாவது எண்ணெய்க் கறையோடு இருந்தால்கூடப் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள்.