வீட்டை விற்கிறீர்களா? வாங்க வருபவர் எதையெல்லாம் பார்ப்பார்?

வீடு வாங்குவது எப்படி என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று விற்பவர் பக்கம் நின்று சற்றுப் பேசுவோம்.

1960களில் ஜூரோங் தொழிற்பேட்டை உருவானது. அங்கு வேலைக்குச் சேர்ந்த நம்மவர் பலர், தாமான் ஜூரோங், பூன் லே, ஜூரோங் வெஸ்ட் வட்டாரங்களிலேயே வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். இன்று பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். ஐந்தறை வீட்டைக் கூட்டிப் பெருக்க முடியவில்லை. விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அந்த வீடுதான் அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பு. அதனால் ஓர் அச்சமும் கூடவே வருகிறது. "வாங்க வருபவர் குறை கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவாரோ?"

யார், எப்போது, எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்த அச்சத்தில் பாதி போய்விடும்.

வெளிநாட்டு வழக்கம்

இங்கிலாந்தில் வீடு வாங்குபவர், சர்வேயர் ஒருவரைத் தம் செலவில் அமர்த்திக் கூரை முதல் அடித்தளம் வரை சோதிப்பது வழக்கம். ஸ்காட்லாந்தில் அது தலைகீழ். அங்கே 2008 டிசம்பர் முதல், பெரும்பாலான வீடுகளுக்கு, விற்பவரே வீட்டின் நிலை குறித்த அறிக்கையைத் தயார் செய்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். நம் வீவக மறுவிற்பனை வீடுகளுக்கு இத்தகைய கட்டாய அறிக்கை எதுவும் இல்லை. ஆனால் யாரும் சோதிப்பதில்லை என்று எண்ணிவிடக்கூடாது. நான்கு கட்டங்களில் உங்கள் வீடு பார்க்கப்படலாம்.

முதல் கட்டம்: வாங்குபவரின் கண்

விற்கும் எண்ணத்தை வீவகவிடம் பதிவு செய்து 7 நாள் கழிந்த பிறகே, வாங்கும் உரிமைப் பத்திரத்தை நீங்கள் கொடுக்க முடியும். அதற்கு வாங்குபவர் தரும் தொகை 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை. அதன்பின் முடிவெடுக்க அவருக்கு 21 நாள் உண்டு. அந்த நாட்களில் நீங்கள் வேறொருவருக்கு வீட்டைக் கொடுக்க முடியாது. அவர் பின்வாங்கினால் அந்தச் சிறு தொகை மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். மூன்று வாரம் வீண்.

விவரம் தெரிந்தவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை இருந்தால் மேல்வீட்டிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். கூரையில் சிமெண்ட் உப்பியிருந்தால், உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிமெண்ட்டை வெளியே தள்ளுகிறது என்று பொருள். பழைய வீடுகளில் இவை இரண்டும் சகஜம்.

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். கறையின் மேல் சாயம் பூசிவிடுகிறார்கள். "அங்கிள், இந்த இடத்தில் மட்டும் ஏன் புதுப் பெயிண்ட்?" என்று வந்தவர் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். மறுவிற்பனை வீடு பொதுவாக இருக்கும் நிலையிலேயே கைமாறுகிறது என்பது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால், அது பின்னர் வழக்குக்கும் இடம் தரலாம்.

குறையைச் சரிசெய்ய வழி உண்டு. மேல்வீட்டுத் தரைக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் நடுவே உள்ள தளம் இரு வீட்டாருக்கும் பொது. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின்கீழ், தகுதிபெறும் வீடுகளுக்குக் கசிவைச் சரிசெய்யும் செலவில் பாதியை வீவக ஏற்கிறது. மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே மேல்வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிடுங்கள்.

இரண்டாம் கட்டம்: மதிப்பீட்டாளர்

2014 மார்ச் வரை, விற்பவர் முதலில் மதிப்பீட்டைப் பெற்று, அதற்கு மேல் எவ்வளவு ரொக்கம் என்று பேரம் பேசுவார். இப்போது விலை பேசி முடித்து, உரிமைப் பத்திரம் கொடுத்த பிறகே வாங்குபவர் மதிப்பைக் கேட்டு விண்ணப்பிக்கிறார். தேவைப்பட்டால் வீவக நியமிக்கும் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவார். குறை தேடுவது அவர் வேலையல்ல. பரப்பளவு, மாடி, வீட்டின் நிலை, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற விலை ஆகியவற்றைக் கருதுவார். மதிப்பு, பேசிய விலையைவிடக் குறைந்தால், அந்த வித்தியாசத்தை வாங்குபவர் ரொக்கமாகத் தர வேண்டும். அவரிடம் ரொக்கம் இல்லையென்றால் பேச்சு முறியக்கூடும். ஆகவே விலை சொல்லும் முன், உங்கள் புளோக்கிலும் அருகிலும் விற்ற விலைகளை வீவக இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டம்: வீவக

விண்ணப்பம் போன பிறகு வீவக அதிகாரிகள் வீட்டைச் சோதிக்கக்கூடும். அவர்கள் தேடுவது, அனுமதியின்றிச் செய்த வேலைகளை. சமையலறைச் சுவரை உடைத்திருக்கிறீர்களா? குளியலறையை மாற்றி அமைத்திருக்கிறீர்களா? அனுமதிக் கடிதம் எங்கே?

"எனக்கு முன்பு இருந்தவர் செய்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இப்போதைய உரிமையாளரே சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்குள் நாள் ஓடும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 8 வாரத்தில் முடிய வேண்டிய விற்பனை தள்ளிப்போனால், நீங்கள் வாங்கப்போகும் சிறிய வீட்டின் பணமும் தள்ளிப்போகும்.

சன்னல்களையும் மறந்துவிட வேண்டாம். வெளிப்புறம் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்ற வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். இன்னும் மாற்றவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். விற்பனைக்காக மட்டுமல்ல, கீழே நடப்பவர் தலையில் சன்னல் விழாமல் இருக்கவும்தான்.

நான்காம் கட்டம்: இறுதிப் பார்வை

சாவி கைமாறும் முன் வாங்குபவர் மீண்டும் ஒருமுறை வருவார். குளிர்சாதனப் பெட்டி, அலமாரி, மின்விசிறி என எதை விட்டுச் செல்வதாகச் சொன்னீர்களோ, அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பார். வாய்ப்பேச்சில் விட்டதுதான் இங்கே சச்சரவாக முளைக்கும். தொடக்கத்திலேயே பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

நிறைவாக ஒன்று. உங்கள் வீட்டின் குறை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வாங்குபவர் கண்டுபிடித்தால் அவர் சொல்வதே விலை. நீங்களே முன்கூட்டிச் சொல்லி, சரிசெய்த ரசீதையும் அனுமதிக் கடிதத்தையும் மேசைமேல் வைத்தால், பேச்சு உங்கள் கையில் இருக்கும். முப்பது ஆண்டு குடியிருந்த வீட்டில் ஒரு கறைகூட இருக்காது என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. மறைத்தீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.