பழி டர்போ மேல். குற்றவாளி சின்னஞ்சிறு சென்சார்!

மும்பை, ஆண்டாப் ஹில்:

கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போதுதான் அந்த டிரைவருக்கு வயிற்றைக் கலக்கியது. காரில் நான்கு பயணிகள். மிதியை முழுதும் அழுத்தியும் வண்டி ஏற மறுத்தது. பாரம் ஏற்றிய லாரிகள்கூட முந்திக்கொண்டு போயின. ஏ.ஸி.யை நிறுத்திப் பார்த்தார், பயனில்லை. கரும்புகை இல்லை, சத்தம் இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். பத்து வருஷம் பிறர் வண்டி ஓட்டிவிட்டு, கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பழைய டீசல் டிஸையர் எடுத்திருக்கிறார். மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும். வண்டியைப் பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் காட்டினார். “டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை மூன்று மாதத் தவணைக்குச் சமம்.

மறுநாள் காலை ஆண்டாப் ஹில்லில் ஊர்க்காரர் ஒருவரின் சிறிய ஒர்க்ஷாப் முன்னால் வண்டி வந்து நின்றது.

“ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி. டர்போ போயிட்டுன்னு சொல்லுதாங்க.”

“டர்போவ மாத்துறதுக்கு முன்னாடி, காத்து எவ்வளவு போவுதுன்னு பாப்போம் தம்பி” என்றார் மெக்கானிக்.

காற்றுக்கு ஒரு தராசு

பியட் பத்மினி டாக்ஸிகள் ஓடிய காலத்தில் கார்புரேட்டரைத் திருகி ஓட்டத்தைச் சரி செய்துவிடலாம். அந்த டாக்ஸிகள் 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. இன்றைய டீசல் காரில் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. அந்தக் கணக்குக்குத் தகவல் கொடுப்பவற்றுள் ஒன்று, ஏர் பில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவில் குழாயில் செருகியிருக்கும் ஏர் ப்ளோ சென்சார்.

அதன் உள்ளே ஒரு மெல்லிய தகடு சூடாக இருக்கும். கடந்து செல்லும் காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்கு. அந்தத் தகட்டில் தூசியும் எண்ணெயும் படிந்தால், போகும் காற்றைக் குறைத்துச் சொல்லும். “காற்று குறைவு, டீசலைக் கூட்டினால் புகை தள்ளும்” என்று கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். புகை வராமல், விளக்கும் எரியாமல் இழுவை போவதற்குக் காரணம் இதுதான்.

முதல் சோதனை கையால்

மெக்கானிக் முதலில் ஸ்கேனரைத் தொடவில்லை. பில்டர் பெட்டியைத் திறந்தார். காகித மடிப்பில் ஓரிடத்தில் கிழிசல். கம்ப்ரஸர் காற்றை நெருக்கிப் பிடித்து அடித்துச் சுத்தம் செய்ததன் விளைவு. பிறகு டர்போ குழாய்களில் வெடிப்போ, எண்ணெய்க் கசிவோ உண்டா என்று தடவிப் பார்த்தார். டர்போ விசிறியின் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார், ஆட்டம் இல்லை.

அடுத்து, சாவியை அணைத்துவிட்டு சென்சாரின் கப்ளரைக் கழற்றினார். வண்டியை ஓட்டிப் பார்த்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆனால் பிக்கப் திரும்பிவிட்டது! சென்சார் இல்லாதபோது கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள உத்தேசக் கணக்கை வைத்து ஓட்டுகிறது. எனவே சந்தேகம் சென்சார் மேல் விழுந்தது. ஆனால் இந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில கார்களில் கப்ளரைக் கழற்றினால் சக்தி இன்னும் குறையும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

எளிய கணக்கு

இந்த இஞ்சின் 1248 சி.சி. நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. மும்பை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம். ஆக, சிலிண்டர் முழுதும் நிரம்பினால் 360 மில்லிகிராம் காற்று. நிஜத்தில் முழுதாக நிரம்பாது. ஆகவே ஐட்லிங்கில், இ.ஜி.ஆர். வால்வு மூடியிருக்கும்போது, ஸ்கேனர் 300க்கு மேல் காட்ட வேண்டும். இந்த வண்டியில் 200ஐக்கூடத் தொடவில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இ.ஜி.ஆர். வால்வு என்பது எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இஞ்சினுக்குள் விடும் கதவு. கரி பிடித்து அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், புகை இடத்தை அடைத்துக்கொள்ளும்; புதிய காற்று குறையும். அப்போது சென்சார் குறைத்துச் சொல்வது பொய்யல்ல, உண்மை. புதிய சென்சார் போட்டாலும் அதே எண்தான் வரும்; பணம் வீண்.

அதனால் மெக்கானிக் இ.ஜி.ஆர். பாதையைத் தற்காலிகமாகத் தகடு வைத்து அடைத்துப் பார்த்தார். எண் மாறவில்லை. பொய் சொல்வது சென்சார்தான் என்பது உறுதியாயிற்று. சோதனை முடிந்ததும் தகட்டை எடுத்துவிட்டார்.

தொட்டால் கெட்டது

சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தார். பழுப்பு நிறமாக அழுக்கு வடிந்தது. விரல், துணி, பஞ்சு எதுவும் உள்ளே படவில்லை. கார்புரேட்டர் கிளீனரோ, கம்ப்ரஸர் காற்றோ கூடாது, தகடு போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு, அம்புக்குறி இஞ்சின் பக்கம் இருக்கும்படி பொருத்தினார். கப்ளரின் பின்களைப் பார்த்து மாட்டினார். புதிய ஏர் பில்டர் போட்டு, பதிவாகியிருந்த கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்தார்.

ஸ்கேனர் இப்போது 330 காட்டியது.

“டர்போவுக்கு இல்ல தம்பி, பில்டருக்குத்தான் நீ செலவு பண்ணியிருக்கணும்” என்றார் அவர்.

சுத்தம் செய்தால் எல்லாச் சென்சாரும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. தகடு கெட்டிருந்தால் புதிது போட்டே ஆக வேண்டும். குர்லா கடைகளில் கழற்றிய சரக்கு மலிவாகக் கிடைக்கும். அதுவும் அழுக்கேறியதாக இருக்கலாம், போலியும் உண்டு. எண்ணைப் பொருத்திப் பார்த்து, அசல் வாங்குவதே லாபம்.

2020 ஏப்ரலில் மாருதி நிறுவனம் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. அந்த வண்டிகளை வைத்திருப்போர் இன்னும் சில ஆண்டுகள் அவற்றைக் கொண்டே பிழைக்க வேண்டும். “டர்போ போச்சு” என்று யாரும் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள்: ஏர் பில்டரைப் பார்த்தீர்களா? காற்று எத்தனை மில்லிகிராம் காட்டுகிறது? இ.ஜி.ஆர். மூடுகிறதா? பதில் இல்லாவிட்டால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

அந்த டிரைவர் மறுவாரம் அதே கண்டாலா வழியாகப் புணேக்குச் சவாரி போனார். இந்தத் தடவை லாரிகள் பின்தங்கின. அந்த மாதத் தவணையும் தவறவில்லை.