ஒரே கதை, இரண்டு பைண்டிங்

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து வைக்கும் வழக்கம் உங்கள் பாட்டி வீட்டில் இருந்திருக்கும். சோப்பு விளம்பரம், துணுக்கு, ராசி பலன் எல்லாம் கழிந்துபோகும். கதை மட்டும் நிற்கும். நம் உடம்பும் ஓயாமல் இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஒவ்வொரு புரோட்டீனையும் எப்படிச் செய்வது என்ற குறிப்பு நம் உயிரணுக்களிலுள்ள ஜீன்களில் இருக்கிறது. ஆனால் குறிப்பின் நடுநடுவே வேண்டாத பகுதிகளும் உண்டு. உயிரணு முழுவதையும் ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுத்துக்கொண்டு, வேண்டாததைக் கத்தரித்து, வேண்டியதை ஒட்டுகிறது. 1977-இல் இதைக் கண்ட ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேடிக்கை இனிமேல்தான். எல்லா உயிரணுவும் ஒரே மாதிரி பைண்டு செய்வதில்லை!

எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்றொரு புரோட்டீன். (பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதைக் 'காது' என்றே வைத்துக்கொள்வோம்.) உயிரணுவின் மேற்பரப்பில் நின்று, வெளியிலிருந்து வரும் சேதியைக் கேட்பது அதன் வேலை. அதன் ஜீனில் ஓரிடத்தில் இரண்டு துண்டுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மேல்தோல் அணுக்கள் முதல் துண்டைச் சேர்த்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும். அடியிலுள்ள இணைப்புத் திசுவின் அணுக்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். ஜீன் ஒன்றுதான், காது இரண்டு விதம். மேல்தோலில் இந்தப் பொறுக்கலைச் செய்யும் கையாட்களை 2009-இல்தான் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்திசு எஃப்.ஜி.எஃப்.7 என்ற சேதியை ஏராளமாக அனுப்புகிறது. அது மேல்தோலின் காதில்தான் விழும். உடனே மேல்தோல் அணுக்கள் பெருகிக் காயத்தை மூடுகின்றன. அனுப்பிய அடித்திசுவுக்கு அந்தக் குரல் கேட்பதில்லை.

கேட்டுவிட்டால்?

அந்த ஜீனில் வேறோர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து பிழையானால், காது பேதம் பாராமல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. தனக்கல்லாத சேதியும் அடித்திசுவை விரட்டுகிறது. கருவிலுள்ள சிசுவின் மண்டையோட்டில் திறந்திருக்க வேண்டிய இணைப்புகள் அவசரப்பட்டு மூடிக்கொள்கின்றன. கைவிரல்களும் கால்விரல்களும் ஒட்டிக்கொள்கின்றன. 1906-இல் அப்பேர் என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்த நோய் இது. ஜீனிலுள்ள பிழை தெரிந்தது 1995-இல். கைக்குழந்தைப் பருவத்திலேயே மண்டையோட்டில் ஆபரேஷன் செய்து மூளை வளர இடம் தருகிறார்கள். விரல்களையும் பிரித்து விடுகிறார்கள்.

இப்படி ஒரு குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் பேச்சு யார் மேல் விழும் என்று உங்களுக்குத் தெரியும். "கிரகணத்தன்று வெளியே வந்தாளாம்!" 1996-இல் இந்த நோயுள்ள 57 குழந்தைகளின் ஜீன்களை ஆராய்ந்தார்கள். அத்தனை பேரிடமும் பிழை இருந்தது தகப்பன் வழி வந்த ஜீனில். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை; விந்தணு உருவாகையில் தானாக நேர்ந்த எழுத்துப் பிழை அது. கிரகணம் பாவம், அதற்கு ஒன்றுமே தெரியாது.